கிளச்சுக்கு நாலு பட்டி

இல்லை அப்பா, ஸ்டியரிங் பூட்டிய அந்த மரச் சட்டத்தை இன்னும் கழற்றவில்லை. கழற்றத்தான் வேண்டும். அம்மா மூன்று நாளாகச் சொல்கிறாள். "பூச்சி கதவு நிலைக்கு ஏறுறதுக்குள்ள தூக்கி அடுப்புல வையி புள்ள."

இன்று காலை கூட்டும்போது மறுபடி பார்த்தேன். சீட்டுக்கு அடியில், இடப்பக்கக் கட்டையின் கீழே, சலித்த அரிசிமா மாதிரி ஒரு சிறு குவியல். நேற்றுக் கூட்டிய அதே இடம். விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனேன். பழைய எஞ்சின் ஒயில் வாடை. அதற்கு அடியில் இலேசான புளிப்பு. வெட்டிய றப்பர் மரத்தின் வாடை. கட்டை முழுக்க ஊசி குத்தியது போலத் துளைகள்.

பாஸ் அன்றே சொன்னார். கீழ் டிவிசனில் தச்சு வேலை செய்கிறவர். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் வெறும் பாஸ்தான். மறுநடுகைக்காக வெட்டிச் சாய்த்த கிழட்டு மரங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆலையில் பலகையாக அறுத்து, நானே தலையில் சுமந்து வந்து அவர் முன்னால் போட்டேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னா புள்ள, கெம்பஸ் போயி படிச்சது இதுதானா? றப்பர் மரத்துல ஆராச்சும் சாமான் செய்வாங்களா? இது அடுப்புக்கு வைக்கிற மரம். வருசம் திரும்புறதுக்குள்ள பூச்சி மாவாக்கிரும்."

"வெளிநாட்டுல மேசை நாற்காலியெல்லாம் இதுலதான் செய்றாங்க பாஸ்."

"அவங்க மருந்துல முக்கி எடுப்பாங்க. நீ எதுல முக்கப் போற, சாம்பார்லயா?"

நீங்கள் வாசற்படியில் இருந்தீர்கள். இடக் காலை வலக் கையால் தூக்கி, மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி. ஆசுபத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சி. சிரித்துவிட்டீர்கள். வாதம் வந்த பிறகு உங்களைச் சிரிக்க வைத்த முதல் ஆள் பாஸ்.

*

ஊரில் எல்லோரும், அந்தச் சட்டத்தை அப்பாவுக்காகச் செய்தாள் என்கிறார்கள். செத்த வீட்டில் எத்தனை பேர் அப்படிச் சொல்லி என் தலையைத் தடவினார்கள். நான் திருத்தவில்லை.

எனக்காகத்தான் செய்தேன். உங்களுக்கு அது தெரியும்.

விடுதியில் என் அறைத் தோழியிடம் இருந்தது அந்த விளையாட்டு. கணினித் திரையில் பந்தயச் சாலை, மேசை விளிம்பில் பூட்டிய ஸ்டியரிங், கீழே மிதிகள். திரும்பும் இடத்தில் ஸ்டியரிங் கையை எதிர்த்து இழுக்கும். முதல் நாள் அந்த இழுப்பில் என் தோள் வரை சிலிர்த்தது. நான்கு வருடம் நான் படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்த இழுப்பு மறக்கவில்லை.

பட்டம் வாங்கி, படிக்க வைத்திருந்த கணினியோடு வீட்டுக்கு வந்தேன். நியமனம் வரும் என்றார்கள். வரவில்லை. பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக் கொடுத்துக்கொண்டு லயத்து வீட்டு வரிசையில் நம் காம்பராவில் இருந்தேன். கேகாலையில் ஒருவர் பழைய ஸ்டியரிங் ஒன்றை விற்கிறார் என்று பார்த்துப் போய் வாங்கி வந்தேன். மிதிகள் உடைந்து போனதால் ஸ்டியரிங் மட்டும்தான் இருந்தது. மிச்சத்தை நானே மரத்தில் செய்வது என்று முடிவு. காணொளிகளில் செய்கிறார்கள். ஏதேதோ ஊர்களில், வெள்ளைச் சுவரும் மின்சார வாளும் உள்ள கொட்டகைகளில்.

நம்மிடம் இருந்தது கைவாள், பாஸின் உளி, ஒரு முன்னறை. அந்த முன்னறையில் பாதி.

"கட்டிலை எங்க போடுறது?" என்று அம்மா கேட்டாள்.

"செவத்தோட நிமித்தி வச்சிரலாம்மா. படுக்கும்போது போட்டுக்கலாம்."

"ஆமா. மனுசன நிமித்தி வச்சிட்டு மரத்தைப் படுக்கப் போடு."

*

மிதி செய்வது எளிது என்று நினைத்திருந்தேன். இரண்டு பலகைத் துண்டு, நடுவே கதவுப் பிணைச்சல். அழுத்தினால் சாயும். விட்டால் திரும்பி வர வேண்டும். எவ்வளவு சாய்ந்தது என்று கணினிக்குத் தெரிய, உங்கள் பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் திருகைக் கழற்றி மிதியோடு கயிற்றால் பிணைத்தேன். மற்றதைத் தோழி போனில் சொல்லித் தந்தாள்.

"அப்ப நான் ப்ரேக் புடிச்சா ரேடியோ கத்துமா?" என்றீர்கள்.

பிரேக்குக்கு ஒட்டுப்பால். சிரட்டையில் உறைந்து மிஞ்சும் றப்பர் பாலை உருட்டி எல்லோரும் பந்து அடிப்போமே, அதே உருண்டை. இரண்டு பலகைக்கும் நடுவில் வைத்தேன். கால் வைத்தால் கல் மாதிரி நின்று, பிறகு மெல்ல உள்வாங்கும். நீங்கள் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினீர்கள்.

கிளச்சுக்குச் சைக்கிள் டியூப். விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டிய நான்கு பட்டிகள், மிதிக்குப் பின்னால் ஆணியில் மாட்டியது. அமுக்கினால் நான்கும் இழுபடும். நான் காலால் அமுக்கிப் பார்த்து, விடுதியில் பழகிய மிதியைவிடக் கனமாக இருக்கிறதே என்று ஒன்றைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்" என்றீர்கள். "லொறி கிளச்சு அப்படித்தான்."

அன்று வரைக்கும் நீங்கள் வெறும் பார்வையாளர்.

பிறகு சீட். பெக்டரிக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த பழைய பால் லொறியின் சீட்டைத் தோட்டத்துத் துரையிடம் கேட்டு வாங்கியவர் நீங்கள். லொறி ஓட்டிய இருபத்தாறு வருடத்தில் பாதிக்கு மேல் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் ஒரு பள்ளம். அது உங்கள் பள்ளம். நான் உட்கார்ந்தால் உள்ளே போய்விடுகிறேன்.

காணொளியில் இருந்தபடி, பந்தயக் காரில் போலச் சாய்வாகப் பூட்டியிருந்தேன். நீங்கள் உயரம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தீர்கள்.

"படுத்துக்கிட்டா ஓட்டுவாங்க?"

நிமிர்த்தினேன்.

கியர் கோலை வலப்பக்கம் வைத்திருந்தேன். அதுவும் காணொளியில் இருந்தபடிதான். உங்கள் இடக் கை தானாக இடப்பக்கம் போய், வெறும் காற்றில் எதையோ தேடி, நின்றது. அந்தக் கையின் விரல்கள் அப்போதும் முழுதாக மடங்குவதில்லை.

"இது எந்த ஊரு வண்டி பாப்பா?"

"வலது பக்கமே இருக்கட்டும்ப்பா. ஒங்களுக்கு லேசு."

"சோத்துக் கையில கியர் போட்டுப் பழகிட்டு நான் எங்க போயி ஓட்டுறது?"

கேட்டபோது அது ஒரு கிண்டல் என்று நினைத்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து காட்டுங்கள், காலைப் பார்த்துவிட்டுக் கனரக லைசென்சுக்குச் சான்றிதழ் தருவதா என்று சொல்கிறோம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை நானும் அம்மாவும் ஆறுதலுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டோம். நீங்கள் தேதியாக எடுத்துக்கொண்டீர்கள்.

*

ஓட்டிப் பார்க்கும் நாள்.

நீங்கள் எலுமிச்சங்காயோடு வந்தீர்கள். புது வண்டியை எடுக்கும்போது நான்கு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று வைத்து ஏற்றி நசுக்க வேண்டும். நான்கு காய் கையில். சட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தீர்கள். நின்றீர்கள்.

"வீலு ஒன்னுதான் இருக்கு. அதையும் கையில புடிச்சிருக்கோம்."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டுக்கும் பைத்தியம் கூடிப் போச்சு" என்றாள்.

கடைசியில் மிதிகளுக்கு அடியில் ஒவ்வொன்று. மூன்று காய். அக்சிலேட்டரும் பிரேக்கும் வலக் காலுக்கு. பிதுங்கின. மூன்றாவது கிளச்சுக்கு அடியில் இருந்தது. இடக் காலை வைத்தீர்கள். மிதி பாதி போனது. நின்றது. காய் உருளாமல் அப்படியே இருந்தது. முட்டி நடுங்குவதைக் கட்டியிருந்த சாரம் மறைக்கவில்லை.

"இன்னைக்கு இவ்வளவுதான்" என்றீர்கள். நான்காவது காயை அம்மா ஊறுகாய்க்கு எடுத்துக்கொண்டாள்.

*

நீங்கள் பந்தயம் ஓட்டவே இல்லை. எனக்கு அது கோபம்.

வட்டப் பாதைகளைக் காட்டினேன். "சுத்திச் சுத்தி அங்கயே வந்து நிக்கிது. என்னாத்துக்கு?" என்றீர்கள். கடைசியில் ஏதோ ஒரு நாட்டு மலைப் பாதை பிடித்திருந்தது. ஒற்றைப் பாதை, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். ஹோர்ன் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. பந்தயக் காருக்கு ஹோர்ன் எதற்கு என்றேன். வளைவில் எதிரே ஆள் வந்தால் என்றீர்கள். யாரும் வர மாட்டார்கள் என்றேன். "ஆரும் வராத ரோடுன்னு ஒன்னு இருக்கா?" ஸ்டியரிங்கில் இருந்த பொத்தான் ஒன்றை ஹோர்னாக்கித் தந்தேன். பிறகு லயத்தில் ஆறு காம்பராவுக்கும் நீங்கள் எந்த வளைவில் இருக்கிறீர்கள் என்று கேட்கும்.

இருபது கிலோமீட்டர் வேகம். பிரேக்கை மெல்ல, ஒட்டுப்பால் உள்வாங்குவதே தெரியாமல். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பின்னால பால் இருக்கு."

முப்பது பேர் விடிய முன்னம் எழுந்து, மரம் மரமாகப் பட்டை வெட்டி, சிரட்டை சிரட்டையாக வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து ஊற்றிய பால். திடீரென்று பிரேக் போட்டால் பரல் பீப்பாய்களில் மேலெழும்பும். மெல்லப் போனால் உறையும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு, அதுதான் உங்கள் வேகம். இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் சிந்தியதில்லை என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதில்லை. மற்றவர்கள்தான் சொல்வார்கள்.

என் முறை வந்தால் நீங்கள் பின்னால் நிற்பீர்கள். நான் மூன்றாவது வளைவில் பாறையில் மோதுவேன். "நீ ஓட்டுனா பெக்டரிக்குப் போகத் தேவையில்ல பாப்பா. பாலு வழியிலயே றப்பர் ஷீட்டாயிரும்."

அந்த மாதங்களில் நாம் இரண்டு பேரும் பேசியது அதற்கு முந்தைய இருபத்து மூன்று வருடத்தில் பேசியதைவிட அதிகம். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நிற்க, இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் பேசலாம் போலிருந்தது.

ஒன்றைத் தவிர.

*

இதை எழுதவே இவ்வளவு சுற்றினேன்.

உங்கள் கால் மூன்று வாரமாகப் பாதியிலேயே நின்றது. நீங்கள் சொல்லாமல் இறங்கிப் போவீர்கள். வாசலில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டுவீர்கள். ஒரு நாள் ஹோர்ன் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டிருந்தீர்கள். காலைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். மாட்டைத் திட்டுவது போல.

மறுநாள் நீங்கள் குளிக்கப் போன நேரம், நான் ஒரு பட்டியைக் கழற்றினேன்.

அன்று மாலை மிதி முக்கால்வாசி போனது. "பாத்தியா" என்றீர்கள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்னவென்று புரியாமலே, "நல்லாருக்குங்க" என்றாள். அன்று இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

இரண்டு வாரம் கழித்து இரண்டாவது பட்டி. அதற்கும் ஒரு வாரம் கழித்து மூன்றாவது.

ஒரே ஒரு பட்டியில் அந்த மிதி என் சுண்டு விரலுக்குப் போகும். உங்கள் காலுக்கு அது தெரியவில்லை. வாதம் உங்கள் காலிலிருந்து பலத்தை மட்டுமா எடுத்தது என்று நான் யோசித்திருக்க வேண்டும். எது கனம், எது இலேசு என்று சொல்லும் அறிவையும் அது எடுத்திருந்தது. அந்த அறிவு இருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

*

மழை விட்ட ஒரு நாள். நான்கு நாள் பால் வெட்டில்லாமல் அன்றுதான் வெட்டியிருந்தார்கள். பால் நிறுக்கும் கொட்டிலுக்கு நடந்து வருகிறேன் என்றீர்கள். கூட வந்தேன். லொறி நின்றது. பரல்கள் நிறைந்திருந்தன. அமோனியா வாடை மூக்கை அரித்தது. உங்களுக்குப் பிறகு அந்த லொறியை எடுத்த சுனில் சக்கரத்தில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். சிங்களவரான அவருக்கு நீங்கள் அய்யே, அண்ணன்; உங்களுக்கு அவர் மல்லி, தம்பி.

"அய்யே, எப்பிடி கால்?"

"மல்லி, மேல பெக்டரி வரைக்கும் நான் எடுக்குறேன்."

சுனில் மெல்வதை நிறுத்தினார். அவருக்கு உங்கள் மேல் இருந்தது மரியாதை. பயம் இல்லை. மறுத்திருக்க முடியும். "அய்யே, ஒடம்பு... துரை பாத்தா..."

"அரைக் கட்டை தூரந்தானே மல்லி. கால் சரியாயிருச்சு. வீட்டுல தெனம் போடுறேன். வேணும்னா இவகிட்ட கேளு."

சுனில் என்னைப் பார்த்தார். தங்கையைக் கேட்பது போலத்தான் எப்போதும் கேட்பார்.

"நங்கி, ஹரித? சரிதானா?"

நீங்களும் என்னைப் பார்த்தீர்கள். அந்த முகத்தை இங்கே எழுத மாட்டேன்.

"சரி" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

லொறியை எடுத்தது கூட நன்றாகவே எடுத்தீர்கள். சுனில் பக்கத்தில், நான் பின்னால் தொற்றிக்கொண்டு. முதல் வளைவில் ஹோர்ன். சிரித்தேன். இரண்டாவது வளைவு ஏற்றம். இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறக்க வேண்டும். கியர் பெட்டி அலறியது. மறுபடி அலறியது. எஞ்சின் நின்றது. லொறி பின்னால் உருளத் தொடங்கியது. சுனில் பாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பின்பக்கம் மண் திட்டில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டு பரல் சாய்ந்தது.

பால் பலகை இடுக்கால் ஒழுகி, பாதையில் விரிந்து, ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கியது. வெறும் வாளியோடு திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஓரமாக நின்றார்கள். ஒரு அக்கா மட்டும் தன் வாளியைக் கொண்டுபோய்க் கானில் வைத்து, கொஞ்சத்தை ஏந்தப் பார்த்தாள். இலையும் மண்ணும் சேர்ந்து வந்தது. கவிழ்த்துவிட்டாள்.

நீங்கள் இறங்கவில்லை. இடக் கால் கிளச்சின் மேலேயே இருந்தது. பாதியில்.

*

வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில் கேட்டீர்கள்.

"எத்தனை பட்டி இருக்கு?"

"ஒன்னு."

நீங்கள் நடந்துகொண்டே இருந்தீர்கள். காலை இழுத்து இழுத்து. பிள்ளையார் கோயில் வரைக்கும்.

"நாலையும் போடு."

"சரிப்பா."

"சுனில்கிட்ட நீ சொல்லணும். நான் சொன்னா, பரவால்ல அய்யேன்னு போயிருவான். அவன் ஒங்கிட்டதான் கேட்டான்."

"சொல்றேன்ப்பா."

சொல்லவில்லை. மறுநாள் துரையிடம் போய், "தப்பு என்னோடது" என்று நீங்கள் சொன்னீர்கள். ஆனாலும் அன்று சாவி சுனில் பொறுப்பில் இருந்தது. சுனிலை லொறியிலிருந்து இறக்கி பெக்டரிக்குள்ளே றப்பர் ஷீட் உருட்டப் போட்டார்கள். அவர் நம் லயத்துப் பக்கம் வருவது குறைந்தது. வராதவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் நினைவூட்டவே இல்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும்.

ஒன்று மட்டும் செய்தீர்கள். அன்றிலிருந்து, சீட்டில் உட்காரும் முன்னால், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மிதிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி எண்ணுவீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாய்விட்டு. நான் அறையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதில் குத்தல் இல்லை. ஒயில் அளவு பார்ப்பது போல, டயரைத் தட்டிப் பார்ப்பது போல ஒரு வேலை. ஒவ்வொரு நாளும் எனக்குக் கேட்டது.

நான்கு பட்டியோடு மறுபடி பாதியிலிருந்து தொடங்கினீர்கள். வாரக் கணக்கில் ஒரு விரல் அகலம். மிதி எதுவரை போகிறது என்று பக்கவாட்டுப் பலகையில் கரித்துண்டால் கோடு போட்டீர்கள். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே இறங்கும். சில வாரம் மேலே ஏறும். அதையும் போட்டீர்கள்.

கடைசிக் கோட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது. அளந்து பார்த்தேன். டொக்டர் சொன்ன ஆறு மாதத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. அன்று காலை பல் துலக்கப் போன நீங்கள் தண்ணீர்ப் பீலிக்கரையில் உட்கார்ந்தீர்கள். அம்மா கூப்பிட்டாள். எழும்பவில்லை.

*

செத்த வீட்டுக்குச் சுனில் வந்தார். வெள்ளைச் சட்டை. பாடையைத் தூக்கத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். அம்மா எழுந்து நின்றாள்.

"நீ தொடாத. நீ அந்தச் சாவியைக் குடுக்காட்டி எம் மனுசன் இன்னும் இருந்திருப்பாரு. அன்னைக்கே அவரு மனசு செத்துப் போச்சு. நீ தொடாத."

சுனிலுக்குத் தமிழ் நம்மைப் போலவே புரியும். என்னைப் பார்த்தார். ஒரு கணம். கொட்டிலில் பார்த்த அதே பார்வை: சரிதானா?

நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்கிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். வாயைத் திறக்கவில்லை.

அவர் பின்னால் போய்ப் பலா மரத்தடியில் நின்றார். மழை தூறியது. குடையை மடித்து வைத்தபடியே நின்றார். பாடை போன பிறகு, எல்லோருக்கும் பின்னால், ஐம்பதடி விட்டு நடந்து வந்தார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அந்த ஐம்பதடி அப்படியே இருந்தது.

இப்போதும் அவரைக் கண்டால் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கடந்து போகிறாள். கோயில் பூசைக்கு அவர் கொடுத்த தேங்காயைத் திருப்பி அனுப்பினாள். அவர் மனைவி என்னிடம் பேசுவதில்லை. அவர் மட்டும் தலையை அசைக்கிறார்.

*

நான் என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டால்: உங்கள் சீட்டின் பள்ளம் இல்லை, அது பஞ்சு, எலி கடிக்கிறது. சட்டமும் இல்லை. அது மாவாகிறது. கரிக்கோடுகள் கை பட்டாலே அழிகின்றன.

அந்த எண்ணுகிற குரல் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. டியூசனுக்கு வரும் பிள்ளையின் அம்மா, "பாஸ் பண்ணிருவாளா டீச்சர்?" என்று கேட்கும்போது அது வருகிறது. வாயில் தயாராக இருக்கும் "சரி"யை அது பிடித்து நிறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் அந்த அம்மாக்களின் முகம் சுருங்குகிறது. பிறகு, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். முதல் வாரமே, பாதியில் நின்ற காலோடு. நான் விடவில்லை.

உங்கள் கால் எவ்வளவு போகும் என்பது உங்களுடையது. அதை உங்களிடமிருந்து எடுத்தேன். பிறகு சுனிலிடமிருந்து லொறியை. பிறகு அம்மாவிடமிருந்து, கோபப்பட வேண்டிய ஆளை.

கடைசியை மட்டும்தான் இப்போது திருப்பித் தர முடியும்.

அம்மா பின்னால் விறகு அடுக்குகிறாள். கட்டை விழும் சத்தம் கேட்கிறது. இதை மடித்து வைக்கப் போகிறேன்.

*

மாலை. மறுபடி எழுதுகிறேன், கொஞ்சம்தான்.

சொன்னேன். பட்டியில் தொடங்கி, "சரி" வரைக்கும். அம்மா விறகைக் கீழே வைக்காமலே கேட்டாள். அடிக்க வருவாள் என்று நினைத்தேன். "அவரு தெரிஞ்சிக்கிட்டா போனாரு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். விறகை இறக்கி வைத்தாள். அடுப்பை அணைத்தாள். முகம் கழுவினாள். சேலை மாற்றினாள்.

"நட" என்றாள். "அந்த மனுசன் வேலை விட்டு வந்திருப்பாரு."

சுனில் வீடு வரைக்கும் அம்மா முன்னால், நான் பின்னால் நடந்தோம். வாசலில் அம்மா ஒதுங்கி நின்று என்னை முதலில் போகச் சொன்னாள். போனேன். கதவைத் தட்டினேன்.